பூனையும் பெறுபேற்றுத் தாளும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



விழாவில் பௌதிகவியலா என்று பயப்படாதீர்கள். பேசப்போவது ஒரு பூனையைப் பற்றி.

மதியத்துக்குப் பிறகு வரும் பாடத்தில் ரீச்சர் பெயர் கூப்பிடுவா. உடம்பு "உள்ளேன் ரீச்சர்" என்னும்; மனம் மாமரத்தடியில் நிற்கும். "நாங்கள் மேற்பொருந்துகை நிலையில் இருக்கிறம் ரீச்சர்" என்போம். "சோதனையில பாப்பம், எந்த நிலையெண்டு" என்பா அவ.

பெறுபேறு வந்த அன்று மடித்துத் தந்த தாளைத் திறக்காமல் வைத்திருந்தோம். ஷ்ரோடிங்கரின் பூனைபோல, திறக்கும்வரை சித்தியும்தான், சித்தியின்மையும்தான் என்று சிரித்தோம்.

பகிடி நல்லது, பௌதிகவியல் பிழை. 1935 இல் எர்வின் ஷ்ரோடிங்கர் பூனையைப் பெட்டிக்குள் அடைத்தது கற்பனையில்தான். ஓர் அணு சிதைந்தால் நஞ்சுக் குப்பி உடையும். அணு இரு நிலையிலும் இருக்குமென்றால் பூனையும் செத்தும் சாகாமலும் இருக்குமோ என்று நையாண்டியாகவே கேட்டார். உலகம் நையாண்டியை விட்டுப் பூனையைப் பிடித்துக்கொண்டது.

இலத்திரன்களை ஒவ்வொன்றாக இரு பிளவுகளை நோக்கி விட்டாலும், பல சேர்ந்தபின் திரையில் வரிகள் தெரியும். ஏதோவொரு பிளவால் போனது, எதுவென்று எமக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்றால் அந்த வரிகள் வரா. அதுதான் மேற்பொருந்துகை. எங்கள் பெறுபேறோ முன்பே எழுதப்பட்டாயிற்று. மடிப்புக்குள் இருந்தது எங்கள் பயம்.

இந்த மலருக்கு முகவரிகள் சேர்த்தபோது, 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு தகவல் இல்லாத ஐந்து தோழிகளின் பெயர்களில் வந்து நின்றோம். விசாரிக்காதவரை எங்கேயோ சுகமாக இருக்கிறார்கள் என்று வைத்திருந்தோம். அதுவும் அதே மடித்த தாள்தான். துணிந்து தேடினோம். மூவர் கிடைத்தனர். "ஏனடி, நான் செத்துப்போனன் எண்டே இவ்வளவு நாளும் இருந்தனீங்கள்?" என்று ஒருத்தி கனடாவிலிருந்து ஏசினாள். அவ்வளவு இனிமையான ஏச்சை நாங்கள் கேட்டதில்லை. ஒருத்தி இல்லை என்றறிந்து, பிந்தியேனும் அவளுக்காக அழுதோம். மற்றவளை இன்னும் தேடுகிறோம்.

உங்களிடமும் அப்படியொரு பெயர் இருக்கும். இன்றிரவே விசாரியுங்கள்.