இரண்டு எண்ணும் பங்கு மார்க்கெட்டும்

(விஸ்வநத்தம் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் நம் வாலிபர்கள் சிலர், "செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகளின் பங்கு ஏறுகிறதாமே, போடலாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலாக, கால் நூற்றாண்டுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம்.

காலண்டர் அச்சடிக்கும் சிவகாசிக்குத் தேதியைப் பற்றிப் பாடம் வேண்டாம். கம்ப்யூட்டருக்கு வேண்டியிருந்தது. 1960-களில் அதன் நினைவகம் பொன் விலை விற்றது. ஆகவே வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் எழுதினார்கள். 1975-ல் வேலைக்குச் சேர்ந்தவருக்கு 1999-ல் சர்வீஸ் என்ன? 99-ல் 75 போனால் 24. சரி. 2000-ல்? பூஜ்யத்தில் 75 போக வேண்டும்! கிராஜுவிட்டிக்குப் பதில் தொழிலாளியிடமே பணம் கேட்கும் கணக்கு. (முதலாளிகள் சிலருக்கு அது பிழையாகவே பட்டிருக்காது!)

இதைத் திருத்த உலகெங்கும் 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை ஆகும் என்று கார்ட்னர் நிறுவனம் மதிப்பிட்டது. பழைய கோபோல் மொழி வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தும் வேலை. நம் நாட்டு இளைஞர்கள் ஏராளமானோர் அமெரிக்கக் கூலியைவிடக் குறைந்த கூலிக்கு அதைச் செய்தார்கள். 2000 ஜனவரி 1 பெரும் விபத்தின்றி விடிந்தது. "எல்லாம் புரளி" என்று பிறகு சிலர் பரிகசித்தது, அந்த உழைப்பை அறியாத பேச்சு.

உழைப்பு மெய், ஆனால் அதன்மேல் ஏறிய சூதாட்டம்? ஐப்பசி மாத விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கி, "வருஷம் பூரா இதே வியாபாரம்" என்று ஒருவர் பட்டாசுக் கடையை விற்க வந்தால் விஸ்வநத்தத்துப் பிள்ளைகூடச் சிரிக்கும். தேதி திருத்தும் வேலைக்குத் தீபாவளி 1999 டிசம்பர் 31. அது ரகசியமல்ல. இருந்தும் சாஃப்ட்வேர் என்று பலகை மாட்டிய கம்பெனிப் பங்கெல்லாம் பறந்தது. 2000 மார்ச்சில் 5,000-ஐத் தாண்டிய அமெரிக்க நாஸ்டாக் குறியீடு, 2002 அக்டோபரில் 1,100 அளவுக்கு விழுந்தது.

மும்பையில் கேதன் பாரேக் என்ற தரகர் தேர்ந்தெடுத்த பங்குகளை ஊதிப் பெருக்கினார். 2001 மார்ச்சில் கைதானார். அவ்வாண்டு ஜூலையில் யூனிட் டிரஸ்ட் தன் யு.எஸ்.64 திட்டத்தில் பணம் திருப்பித் தருவதை நிறுத்தி வைத்தது. பங்கு மார்க்கெட் வாசலையே மிதிக்காத, ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களின் சேமிப்பு அதில் சிக்கியது!

இன்ஃபோசிஸ், விப்ரோ போன்றவை வேறு வேலைகளைப் பிடித்து வளர்ந்தன என்பதும் உண்மையே. இன்று பெயர் சொல்வது எளிது. அன்று அவற்றோடு சேர்த்துப் புகழப்பட்டது சத்யம். கணக்கைப் பொய்யாக எழுதியதாக அதன் தலைவரே 2009 ஜனவரி 7-ல் ஒப்புக்கொண்டார்.

இப்போது கைபேசியிலேயே சூதாட்டம். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் வாயிதா வியாபாரம் செய்த தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்ததாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கூறுகிறது.

தோழர்களே, உங்கள் போனஸ், ஆலை மூடிக்கிடக்கும் வாரங்களில் அரிசி வாங்கும் பணம். அடுத்த வாரம் ஒரு கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டை எடுத்து வைத்து, ஆர்டர் எத்தனை நாளுக்கு, கடன் யாரிடம் என்று வரி வரியாகப் படிப்போம். பணம் அதுவரை தபாலாபீசிலேயே கிடக்கட்டும்.