சுவரைத் தொட்டுப் பார்த்த வகுப்பு

(ஏற்காட்டில் நடந்த தொடக்கநிலை ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வந்திருப்பவர்களுக்குத் தலைசுற்றல் இந்நேரம் நின்றிருக்கும் என நம்புகிறேன். வரும் வழியில் உங்கள் பேருந்துக்கு முன்னால் ஒரு சிமெண்ட் லாரி உறுமிக்கொண்டே ஏறியிருக்கும். அப்படி ஒன்று மாட்டவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த லாரியைப் பற்றியும்தான் இன்று பேசப் போகிறேன்.

சேர்வராயன் மலையில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான் பணியாற்றுகிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தினர். சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வகுப்பில் வீடுகளின் வகைகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘நிலையற்ற வீடு’ என்று எழுதி அதன்கீழ் மண், மூங்கில், புல், ஓலை. வலப்பக்கம் ‘நிலையான வீடு’ என்று எழுதி அதன்கீழ் செங்கல், சிமெண்ட், கம்பி. பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுந்து நின்றாள்.

“சார், எங்க வீடு எங்க தாத்தாவோட அப்பா கட்டினது. அது எப்படி சார் நிலையில்லாத வீடு?”

வகுப்பு சிரித்தது. “அது வேற கண்ணு, உட்காரு” என்றேன். மணியும் அடித்தது. மறுநாள் ‘என் வீடு’ என்று படம் வரையச் சொன்னபோது அவள் ஒரு சதுரம் போட்டு, தட்டையான கூரை வைத்து, மேலே ஒரு தண்ணீர்த் தொட்டியும் வரைந்திருந்தாள். அவள் ஊரில் அன்றைக்கு அப்படி ஒரு வீடுகூடக் கிடையாது.

அந்தப் படத்துக்கு மதிப்பெண் போட என் கை வரவில்லை. அவளுக்குச் சொல்ல ஒரு பதிலைத் தேடினேன். அந்தக் கோடை விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் புதுச்சேரி போயிருந்தபோதுதான் அனுபமா குண்டூ என்ற கட்டடக் கலைஞரின் பணிகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

அவர் 1967இல் புனேயில் பிறந்தவர். மும்பை ஜே.ஜே. கட்டடக்கலைக் கல்லூரியில் 1989இல் பட்டம் பெற்றார். பெருநகரில் வேலைக்குச் சேராமல் 1990இல் ஆரோவில்லுக்கு வந்து தொழில் தொடங்கினார். தனக்காக முதலில் கட்டிக்கொண்டது ஒரு குடிசை. சவுக்குக் கழிகள், தேங்காய் நார்க்கயிறு, மேலே கீற்று. நம் கரும்பலகையின் இடப்பக்கத்தில் இருக்கும் வீடு! படித்த கட்டடக் கலைஞர் ஒருவர் விரும்பிக் கட்டி அதில் குடியிருந்தார் என்பதைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

பின்னர் அவர் ஆரோவில்லில் கட்டிய ‘வால் ஹவுஸ்’ என்ற வீடு 2000இல் முடிந்தது. படங்களில்தான் பார்த்திருக்கிறேன். சுவர்கள் அச்சுக்கல்லால் ஆனவை. அச்சுக்கல் என்பது உள்ளூர்ச் சூளையில் சுட்ட மெலிந்த, சிறிய செங்கல். அதைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருக்கிறார்கள். கூரைக்குச் சுட்ட மண் குழாய்கள். சில இடங்களில் தளத்துக்குள் குயவர் செய்த பானைகள் கவிழ்ந்திருக்கின்றன.

தளத்துக்குள் பானை எதற்கு? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதை விளக்கலாம். ஓர் அழிப்பானை இரு முனையிலும் பிடித்து வளையுங்கள். ஒரு பக்கம் நெருங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். தளமும் பாரம் ஏறும்போது அப்படித்தான். மேல்பக்கம் நெருங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. நெருக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் கெட்டி. இழுப்பைத் தாங்க அதனால் ஆகாது. அந்த வேலையைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. அப்படியானால் கீழ்ப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தில் ஒரு பானையைக் கவிழ்த்தால் சிமெண்ட் மிச்சம், தளத்தின் எடையும் குறையும். கேரளத்தில் லாரி பேக்கர் இதே கணக்கில் பழைய ஓடுகளை வைத்தார். அவர் இங்கிலாந்தில் பிறந்து, காந்தியைச் சந்தித்தபின் ஊர் போய், மீண்டும் இந்தியாவுக்கே வந்து தங்கி, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

குண்டூவின் இன்னொரு பணி புதுச்சேரியில் 2008இல், ஆதரவற்ற குழந்தைகளுக்காகக் கட்டிய இல்லங்கள். புதுச்சேரியில் மட்பாண்டக் கலைக்கூடம் நடத்திய ரே மீக்கர் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்த முறை அது. பச்சை மண் கல்லால் குவிமாட வீட்டை எழுப்புகிறார்கள். உள்ளே சுடாத செங்கல்லையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டுகிறார்கள். வீடும் வேகிறது, உள்ளே இருந்த சரக்கும் வேகிறது. சாதாரணச் சூளையில் அதன் சுவரைச் சூடேற்றியே வீணாகும் வெப்பம் இங்கே வீட்டுக்குப் பயன்படுகிறது.

இதைக் கேட்டதும் நம் மலைக்கும் கொண்டுவரலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இங்கே அத்தனை விறகுக்கு எங்கே போவது? சேர்வராயன் காட்டைத்தான் வெட்ட வேண்டும். யோசித்துக்கொண்டே போனபோது ஒன்று பிடிபட்டது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். செங்கல்லுக்கும் சூளை வேண்டும். மூங்கில் தட்டியில் மண்ணை அப்பி வெயிலில் காயவிட்ட நம் மலைச் சுவருக்கு ஒரு தீக்குச்சிகூட வேண்டாம்.

குண்டூவின் பணிகளில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. 2012இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடந்த உலகக் கட்டடக்கலைக் கண்காட்சியில் வால் ஹவுஸை அதன் முழு அளவிலேயே எழுப்பிக் காட்டினார். அதற்காக நம் பக்கத்துக் கைவினைஞர்கள் அங்கே போனார்கள். ஆஸ்திரேலியாவிலும் இத்தாலியிலும் கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் அவர்களுடன் நின்று வேலை செய்தார்கள். கொத்தனார் அங்கே ஆசிரியர்!

2014இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில், வேண்டாமென ஒதுக்கப்பட்ட புத்தகங்களின் தாள்களை இலைகளாக்கி, ஒரு சதுக்கத்தில் மர நிழல்போலப் பந்தலிட்டார். மாட்ரிட்டில் பேராசிரியராக இருந்து கற்பித்தார். ஸ்பெயினுக்கும் இதில் பழக்கம் உண்டு. மெல்லிய ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைவுக்கூரை கட்டும் கலை கட்டலோனியாவின் பழஞ்சொத்து. 2021இல் பிரிட்டனின் சார்லஸ் ஜென்க்ஸ் விருதும், பன்னாட்டுக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் ஆகஸ்ட் பெரே பரிசும் குண்டூவுக்குக் கிடைத்தன.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வால் ஹவுஸ் ஏழை வீடல்ல. ஒரு கட்டடக் கலைஞர் தனக்கென்று கட்டிக்கொண்டது. இப்படிக் கட்டத் தேர்ந்த கைகளும் நிறைய நேரமும் வேண்டும். அவரும் சிமெண்டை அடியோடு ஒதுக்கவில்லை. மெல்லிய கம்பிவலையில் சிமெண்ட் பூசிய பெட்டிகளைப் பட்டறையில் செய்து, சில நாட்களிலேயே பூட்டி நிறுத்தும் சிறு வீட்டையும் வடிவமைத்தார். எந்தப் பொருள், எங்கே, எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுச் செலவழிக்கிறார். அந்தக் கேள்வியைத்தான் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன்.

பிள்ளைகள் நான்காம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். மண், ‘ஓடைக்கரை’. மூங்கில், ‘எங்க காடு’. சிமெண்டுக்குச் சங்ககிரி, அரியலூர் என்று வரைபடத்தில் விரல் வைத்து வந்து, வளைவுகளையும் எண்ணினார்கள். பிறகு வெப்பமானியுடன் வீடு வீடாகப் போனோம். மார்ச் மாத மதியத்தில் தகர ஷீட் போட்ட வீடுதான் கொதித்தது. அடுத்தது கான்கிரீட் வீடு. மண் சுவரும் புல் கூரையும் உள்ள வீட்டில் பிள்ளைகள் வெளியே வர மறுத்தார்கள். அந்தச் சிறுமியின் வீட்டுச் சுவரே எல்லாவற்றிலும் பருமனானது. ஒவ்வொருவராகக் கையை வைத்துப் பார்த்தார்கள்.

மண் வீட்டைப் புகழ்ந்து நான் பேசத் தொடங்கியதும் ஒரு பையன் குறுக்கிட்டான். “மழையில ஒழுகும் சார். கூரை மாத்தப் புல்லும் இப்ப கிடைக்கிறதில்ல.” அதையும் கரும்பலகையில் எழுதினோம். கோடு இல்லாமல்.

அடுத்த ஆண்டு அந்தச் சிறுமியின் குடும்பத்துக்கு வீடு கட்ட உதவி கிடைத்தது. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். பழைய வீடு நின்ற இடத்தில்தான் புது வீடு. ‘பழையதை ஓரமாக விட்டுவைத்திருக்கலாமே’ என்று அவள் அப்பாவிடம் வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

“நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க, அது நிலையில்லாத வீடுன்னு. பாப்பா நோட்டுல காட்டுச்சு” என்றார். கோபமே இல்லை அவர் குரலில். இலை போட்டு என்னைச் சாப்பிட உட்கார வைத்தார்.

அவருக்குப் புது வீடு வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஒழுகாத கூரையின் கீழ் படுக்கிறார்கள். ஆனால் அந்தச் சுவரை இடிக்கும் முன் அவர்கள் முன்வைத்த சான்றுகளில் என் கையெழுத்திட்ட நோட்டும் ஒன்று.

இப்போது எங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு வாசிப்புத் திண்ணை எழும்புகிறது. அடித்தளத்துக்கு மலைக்கல், சுவருக்கு மண், மேலே மட்டும் ஓடு. சுவர் வைக்கச் சொல்லிக்கொடுப்பவர் அந்தச் சிறுமியின் ஆயா. நாங்கள் வளாகத்து மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். மணல் அடியில் உடனே படியும், அதன்மேல் வண்டல், களி கடைசியில். எவ்வளவு களி என்று அளந்து பார்க்கும் திட்டம். ஆயா அதற்குக் காத்திருக்கவில்லை. ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி, உருட்டி, விரலில் சுற்றிப் பார்த்தார். அது விண்டுபோனது.

“இது ஆகாது சார். ஓடைப்பக்கத்து மண்ணு கொஞ்சம் சேத்துக் குழைங்க” என்றார்.

பிள்ளைகள் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். புட்டி சன்னலோரத்தில் இருந்தது. தண்ணீர் இன்னும் தெளியவில்லை.