மீனும் எலியும் சொன்ன சேதி

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

"அறிவியலைப் பற்றி ஏதாவது பேசுங்க, பிள்ளைகளுக்கும் புரியணும், பெற்றோருக்கும் பயன்படணும்" என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே ராக்கெட்டையும் சந்திரனையும் விட்டுவிட்டு, யார் வீட்டு வாசலுக்கும் வரக்கூடிய ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுதான் குழந்தைகளுக்கு வரும் வலிப்பு நோய்.

நாம் காக்காய் வலிப்பு என்கிறோம், இழுப்பு என்கிறோம். மலாய் நண்பர்கள் 'சாவான்' என்பார்கள். பெயர் எதுவானாலும் பயம் ஒன்றுதான். ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் என்ன பேசுகிறார்கள்? "வயித்துல இருக்கும்போது தாய்க்காரி எதையோ பார்த்துப் பயந்துட்டா." "யாரோ செய்வினை வெச்சிட்டாங்க." "பரம்பரை நோய்ப்பா, அந்த வீட்டுல பொண்ணு எடுக்காதீங்க." நோய் பிள்ளையை வாட்டுகிறது, இந்தப் பேச்சு பெற்றவளை வாட்டுகிறது.

உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையான மருத்துவம் கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழமுடியும். ஆனால் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத சில கடுமையான வகைகள் குழந்தைகளுக்கு உண்டு. அவற்றில் ஒன்றை 1978ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் சார்லட் டிராவே அம்மையார் விவரித்தார். இன்று அவர் பெயராலேயே அது 'டிராவே நோய்' என அழைக்கப்படுகிறது. நன்றாக வளர்ந்துவரும் குழந்தைக்கு, முதல் பிறந்த நாளுக்கு முன்பே, பெரும்பாலும் காய்ச்சலோடு சேர்ந்து நீண்ட வலிப்பு வரும். பிறகு அடிக்கடி வரும். பேச்சும் நடையும் பின்தங்கும்.

காரணம் என்ன? 2001ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் இந்நோய் கண்ட ஏழு குழந்தைகளின் மரபணுக்களைச் சோதித்தார்கள். ஏழு பேருக்கும் எஸ்.சி.என்.1ஏ என்ற ஒரே மரபணுவில் பிழை இருந்தது. அந்தப் பிழை அவர்களைப் பெற்றவர்களிடம் இல்லை! கரு உருவாகும் நேரத்தில் தானாக நேர்ந்த எழுத்துப்பிழை அது. டிராவே நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளின் நிலை இதுதான். தாய் பயந்ததும் காரணமல்ல, பக்கத்து வீட்டுக்காரர் கண் வைத்ததும் காரணமல்ல.

ஆனால் இங்கே ஒரு புதிர் எழுந்தது. அந்த மரபணு நரம்பணுவின் சுவரில் சோடியம் நுழையும் வாயிலைக் கட்டுகிறது. சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் நரம்பில் மின்துடிப்பு எழும். வலிப்பு என்பது மூளையில் மின்துடிப்பு கட்டுமீறுவது. வாயில் குறைந்தால் துடிப்பும் குறையத்தானே வேண்டும்? ஏன் கூடுகிறது?

இதற்கு விடை தேட, உயிரோடிருக்கும் ஒரு குழந்தையின் மூளையைத் திறந்து பார்க்க முடியாதுங்க. அங்கேதான் எலி உதவிக்கு வந்தது. அமெரிக்காவில், சியாட்டில் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கேட்டரால் குழுவினர் அதே மரபணுவின் ஒரு பிரதியை இழந்த எலிகளை உருவாக்கினார்கள். மூன்று வார வயதுக்குப் பிறகு அவற்றுக்கு வலிப்பு வந்தது. மூளை அணுக்களை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் விடையை வெளியிட்டார்கள். மூளையில் தூண்டும் அணுக்களும் உண்டு, அடக்கும் அணுக்களும் உண்டு. தூண்டும் அணுக்கள் நன்றாகவே இருந்தன. அடக்கும் அணுக்களில்தான் சோடியம் ஓட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது.

கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் லோரியை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் கோளாறு இல்லை, பிரேக்தான் பிடிக்கவில்லை. அப்புறம் லோரி எப்படி நிற்கும்? டிராவே நோயும் அப்படித்தான்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். வலிப்புக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் சில, சோடியம் வாயிலை அடைக்கும் வகையைச் சேர்ந்தவை. பலருக்கு நல்ல பலன் தரும் அதே மருந்து டிராவே குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டுவதை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். ஏன் என்பது எலியின் மூளையால் விளங்கிற்று. ஏற்கெனவே பிடிக்காத பிரேக்கை மேலும் தளர்த்தினால் என்ன ஆகும்? இப்போது அத்தகைய மருந்தைத் தவிர்க்கிறார்கள். ஆனால் ஒன்று: இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் உள்ள மருந்தைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.

எலி இன்னொன்றும் சொன்னது. ஒரே பிழையை இரண்டு வேறு வம்ச எலிகளில் வைத்தபோது, ஒரு வம்சத்தில் நோய் கடுமையாக இருந்தது, மற்றதில் லேசாக இருந்தது. மற்ற மரபணுக்களும் நோயின் போக்கை மாற்றுகின்றன. ஆகவே ஒரு காகிதத்தில் உள்ள சோதனை முடிவை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை எழுதிவிட முடியாது.

அடுத்தவர் நம் கங்கைக் கரைப் பக்கத்து மீன்! உடலில் நீலக் கோடுகள் கொண்ட, விரல் நீளம்கூட இல்லாத ஜீப்ரா மீன். இந்தியா, வங்காளதேசம் முதலிய நாடுகளின் ஓடைகளிலும் வயல்களிலும் வாழ்வது. மனித மரபணுக்களில் நூற்றுக்கு 70க்கு இணையானவை அதனிடம் உண்டு. அதன் குஞ்சு கண்ணாடிபோல் இருப்பதால் மூளை வேலை செய்வதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கலிபோர்னியாவில் ஸ்காட் பாராபன் குழுவினர், இதற்கு ஈடான மரபணுவில் பிழையுள்ள மீன் குஞ்சுகளில் 320 மருந்துகளைச் சோதித்து, 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வாமைக்கென உருவான கிளெமிசோல் என்ற பழைய மருந்து வலிப்பை அடக்கியது. மீனுக்குக் கேட்டதெல்லாம் மனிதருக்குக் கேட்கும் என்பதில்லை. அதை மனிதர்களிடம் தனியே, கவனமாகச் சோதித்துத்தான் அறியவேண்டும். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மீன் காட்டிவிடுகிறது.

"வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கலாமா?" என்று உங்களில் சிலர் மனத்தில் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. 1959ஆம் ஆண்டிலேயே ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் மூன்று நெறிகளை வகுத்தார்கள். மாற்றுவழி இருந்தால் விலங்கைத் தொடாதே, தொட்டால் எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை. இந்த நெறியை மீறிச் செய்வது ஆராய்ச்சியல்ல, கொடுமை.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. ஊசி போட்டதால் மூளை கெட்டுவிட்டது என்று கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். அவர்களில் 11 பேருக்கு இதே மரபணுவில் பிழை இருந்தது. ஊசியால் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னதாகக் கொண்டுவரலாம். நோயின் வேர் பிறக்கும்போதே இருந்தது. ஊசிக்கு அழைத்துப்போன தாய் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பில் யாருக்காவது வலிப்பு வந்தால் கூட்டம் கூடாதீர்கள். கையில் சாவியும் இரும்பும் கொடுக்காதீர்கள். அவை எதுவும் செய்யாது. வாயில் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அருகிலுள்ள மேசை நாற்காலியை நகர்த்தி, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 999க்கு அழையுங்கள். தெளிந்ததும் அந்தப் பிள்ளை பக்கத்திலேயே இருங்கள். மறுநாள் வழக்கம்போல் அதே இடத்தில் உட்கார வையுங்கள், அதோடு விளையாடுங்கள்.

பரிசு பெறும் செல்வங்களே, உங்களில் ஒருவர் நாளை ஆய்வுக்கூடத்தில் நின்று இந்தப் பிரேக்கைச் சரிசெய்யும் வழியைத் தேடவேண்டும் என்பது என் ஆசை. பரிசு பெறாதவர்களும் மனம் தளரவேண்டாம். 320 மருந்துகளைப் பொறுமையாகச் சோதிக்க முதல் மாணவனாக இருக்கவேண்டிய அவசியமில்லை, விடாப்பிடி இருந்தால் போதும்.

பெற்றோர்களே, நோயை மறைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.