டிராக் ஏன் நழுவல?

போன ஞாயித்துக்கிழமை வேளாங்கண்ணில, வெள்ளையாறு கடல்ல கலக்குற இடத்துல, நல்ல கொடுவா ஒண்ணு மாட்டுச்சு. ஒரே இழுப்பு, நரம்பு அறுந்துபோச்சு. டிராக் நழுவவே இல்ல. அப்பா முதல் தடவையா எங்கூட வந்திருந்தார். "மீன் பெருசாடா?"ன்னு மட்டும் கேட்டார்.

ராத்திரி ரீலைப் பிரிச்சேன். ஆபீஸ்ல பக் வந்தா லாக் பார்ப்போம்ல, அந்த மாதிரி. 3 மாசமா டிராக்கை முறுக்குனபடியே வச்சிருக்கேன். வாஷர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடக்கு. ஸ்பூல் பேரிங்ல உப்பு, அதுமேல நான் தாராளமா அப்புன கிரீஸ் வேற.

இப்போ நான் செய்யிறது இதுதான். கடல்லேர்ந்து வந்ததும் டிராக்கை இறுக்கிட்டு, நல்ல தண்ணியை மெதுவா ஊத்திக் கழுவணும். வேகமா பீச்சினா உப்பு உள்ள போயிடும். துடைச்சு நிழல்ல காயவச்சு, அப்புறம் டிராக்கை மறக்காம தளர்த்திடணும். பேரிங்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல அலசி, காஞ்சதும் லேசான எண்ணெய் ஒரே சொட்டு. கிரீஸ் பல்சக்கரத்துக்குத்தாங்க, பேரிங்ல வச்சா ஸ்பூல் மந்தமாயிடும், தூரமா எறிய முடியாது. நரம்பை இடமும் வலமுமா ஓட்டுற திருகுக் கம்பில மணல் சேரும், அதுக்குப் பழைய டூத்பிரஷ் போதும்.

வர்ற ஞாயிறும் அப்பா வர்றேன்னிருக்கார்.