வேண்டுதல் முடிந்தது, கூந்தல் எப்போது வளரும்?



பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா என்று பாண்டிய மன்னன் ஒருவனுக்குச் சந்தேகம் வந்தது. அதைத் தீர்க்கப்போய் நக்கீரரும் சிவபெருமானும் சபையிலே மோதிக்கொண்ட கதை, 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரியும். மன்னனுக்கு வந்தது மணத்தைப் பற்றிய சந்தேகம். கூந்தலையே சாமிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நிற்கும் பெண்ணுக்கு வருவது வேறு சந்தேகம். இது எப்போது வளரும்? அதுவரை எப்படி நாலு பேர் முன்னால் போவது?

மலாக்காவில் இந்தக் கேள்வி தைப்பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் பிறகு அதிகமாகக் காதில் விழும். பத்துமலையில் 272 படியேறி முடி கொடுத்தவர்கள் ஒரு பக்கம், செங் சன்னாசிமலை ஆண்டவர் சந்நிதியில் வேண்டுதலை முடித்தவர்கள் இன்னொரு பக்கம். ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. சந்தனம் காய்வதற்குள் மறந்துவிடுவார்கள். பெண்களுக்கு அப்படியா?

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இப்போது குடும்பம் தாமானுக்குக் குடிவந்துவிட்டது. இவள் பத்து பெரண்டாமில் தொழிற்சாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறாள். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தால் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அம்மா பிழைத்து வந்தார். இவளும் சொன்னபடி செய்தாள். தீபாவளிக்குப் பிறகு பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வருகிறது. உடனே பெரியம்மா ஒரு எண்ணெய், அத்தை ஒரு எண்ணெய், பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாத்திரை என்று வீடு மருந்துக்கடை ஆகிவிடுகிறது. இந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லலாம்?

முதலில் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். சிலருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். வருடத்துக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர். எந்த எண்ணெயும் இதை இரட்டிப்பாக்காது. மாசியில் இறக்கிய முடி தீபாவளிக்கு ஒரு சாண் நீளம்கூட வந்திருக்காது. அடுத்த மாசியில் காதை மூடும். அதற்கடுத்த மாசியில் தோளைத் தொடும். இடுப்பு வரை வேண்டுமென்றால் ஐந்தாறு வருடம். இதை முதல் நாளே ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பாதிக் கவலை குறையும், பணமும் மிஞ்சும்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று குழந்தைகளுக்கு மூன்று தடவை, ஐந்து தடவை மொட்டை போடும் வீடுகள் உண்டு. வேண்டுதல் என்றால் அது வேறு விஷயம். அடர்த்திக்காக என்றால் வீண். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி மேலேதான் ஓடுகிறது. மழித்தால் முடி வேகமாகவோ தடிப்பாகவோ வளர்வதில்லை என்று அமெரிக்காவின் மில்ட்ரெட் டிராட்டர் 1928-ஆம் ஆண்டிலேயே ஆண்களின் தாடியை வைத்து ஆராய்ந்து சொல்லிவிட்டார். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் தொட்டால் முரடாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சரி, வளரும் மாதங்களை எப்படி அழகாகக் கடப்பது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "வளர்க்கிறேன், அதனால் கத்தரியே படக்கூடாது" என்று இருந்துவிடுகிறார்கள். மொட்டைத் தலையில் எல்லா முடியும் ஒரே நீளத்தில் கிளம்புகிறது. ஆனால் உச்சந்தலை முடி காது வரை வருவதற்கு வெகுதூரம் போகவேண்டும். பிடரி முடி கழுத்தில் இறங்குவதற்குக் கொஞ்ச தூரமே. ஆகவே ஆறேழு மாதத்தில் பின்னால் வால்போல் தொங்கும், மேலே கிரீடம்போல் நிற்கும், காதோரம் இரண்டு பக்கமும் புடைக்கும். 'பரட்டை' என்று தம்பி கேலி செய்வதும், அழுதுகொண்டே தொப்பி போடுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

இதற்கு வழி எளிது. எட்டு அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை பிடரியையும் காதோரத்தையும் மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். உச்சியில் கை வைக்கவேண்டாம். மேல்முடி இறங்கி வந்து கீழ்முடியை எட்டிப் பிடிக்கும் வரை கீழ்முடி காத்திருக்க வேண்டும். வெட்டுவதால் முடி வேகமாக வளராது, ஆனால் வளர்கிற முடிக்கு ஒரு வடிவம் கிடைக்கும். அழகு நிலையத்தில் உட்காரும்போதே "வளர்க்கிறேன், பின்பக்கம் மட்டும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் பாட்டுக்கு எல்லாவற்றையும் சமமாக வெட்டிவிடுவார்கள். மூன்று மாத உழைப்பு தரையில் கிடக்கும்.

மற்றபடி பக்கவகிடு எடுத்து ஒரு சிறு கிளிப், நெற்றியை ஒட்டி ஒரு துணிப்பட்டை, காதுக்குக் கொஞ்சம் பெரிய ஜிமிக்கி. குட்டை முடிக்கு ஜிமிக்கி எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வளர வளர இழுத்துக் கட்டும் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். கட்டுக்கு எட்டாத முடியை ரப்பர் போட்டு இழுத்தால் நெற்றியோரத்து வேர் பலவீனமாகும், நாளடைவில் அந்த இடம் ஏறிப்போகும். இறுக்கிக் கட்டினால் முடி வளரும் என்பது பாட்டிமார் நம்பிக்கை. மருத்துவர்கள் நேர்மாறாகச் சொல்கிறார்கள்.

விசேஷத்துக்குச் சவரி வைக்கலாமா என்று கேட்பார்கள். ஒரு விரல் நீளம் வந்த பிறகு, ஒரு நாள் விசேஷத்துக்கு, தாராளமாக. வீடு திரும்பியதும் கழற்றிவிட வேண்டும். அதோடு தூங்கக்கூடாது.

அடுத்து ஈரத்தலை. அன்று விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கும் தலைத்துண்டும் கட்டி நிரைக்குப் போன பால்வெட்டுப் பெண்களுக்கு வேர்வைதான் எதிரி. இன்று அவர்களின் பேத்திகளுக்குத் தலைக்கவசம் எதிரி. காலையில் குளித்து ஈரம் சொட்டச் சொட்டக் கவசத்தை மாட்டி, தொழிற்சாலையில் வலைத்தொப்பியும் போட்டு, எட்டு மணி நேரம் மூடியே வைத்தால் பொடுகும் அரிப்பும் வராமல் என்ன செய்யும்? இரவு வேலை முடிந்து வந்ததும் தலையை அலசி, காய்ந்த தலையோடு காலையில் கிளம்புவது நல்லது. குட்டை முடிக்கு இது வசதி. பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். கவசத்தின் உள்துணியையும் வாரத்துக்கு ஒருமுறை துவைக்கலாமே!

எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்று 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆய்வைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆனாலும் கண்டுபிடிப்பு பயனுள்ளதே. குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன், வாரம் ஒருமுறை, குட்டை முடிக்கு ஒரு தேக்கரண்டி போதும். அது இருக்கிற முடியைக் காக்கும். புது முடியை முளைக்க வைக்காது. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைக் குறைப்பது நல்லது, அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு. வேலியோரத்துச் செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளி எடுத்துத் தேய்க்கும் பழக்கம் தோட்டங்களில் இருந்தது. நாட்டின் தேசிய மலர் நம் வாசலிலேயே பூக்கிறது, வழுவழுப்பாக அழுக்கையும் எடுக்கும். விருப்பமுள்ளவர்கள் தொடரலாம்.

உள்ளே போகும் உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டை, நெத்திலி, பருப்பு, கீரை போதும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேநீர் தடுக்கும்.

விரும்பிக் கொடுத்தவர்கள் கதை இது. கேட்காமலே முடி பறிபோனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 'பம்பாய்' படத்து மனிஷா கொய்ராலாவுக்கு 2012-இலும், 'காதலர் தினம்' சோனாலி பிந்த்ரேக்கு 2018-இலும் புற்றுநோய் கண்டது. இருவருமே மொட்டைத் தலையோடும், பிறகு முளைத்த குட்டை முடியோடும் பொது இடத்துக்கு வந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்த எத்தனையோ பெண்கள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்திருப்பார்கள். இத்தகைய சிகிச்சை முடிந்து பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முடி திரும்ப வளரும். நேர்முடி இருந்தவருக்குச் சுருளாக வரலாம், நிறமும் மாறியிருக்கலாம். பயப்பட வேண்டியதில்லை. சாயம் பூச அவசரப்படாமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தோல் அப்போது மிக மென்மையாக இருக்கும்.

ஆறு மாதமாகியும் முடி மெலிந்தே இருக்கிறது, வகிடு அகன்றுகொண்டே போகிறது, களைப்பும் இருக்கிறது என்றால் அது எண்ணெய்க் குறைவு அல்ல. இரத்தச் சோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். அரசாங்கச் சுகாதார மையத்துக்குப் போய் இரத்தம் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விளம்பரத்து எண்ணெய்க்கு நூறு வெள்ளி கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். வட்டமாக ஓரிடத்தில் மட்டும் வழுக்கை விழுந்தால் 'புழுவெட்டு' என்பார்கள். பெயரில்தான் புழு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது அது. அதற்கும் தோல் மருத்துவர்தான். பேனுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நெருப்புக்கும் ஆபத்து, தோலுக்கும் ஆபத்து. மருந்தும் ஈர்வலியும் போதும்.

இனி, தீபாவளிக்குப் பின் பெண் பார்க்கும் வீட்டுக்குப் போவோம். பத்து சென்டிமீட்டர் முடி. பக்கவகிடு, ஒரு கிளிப், பெரிய ஜிமிக்கி. சவரி வைத்து மறைக்கலாம் என்று பெரியம்மா சொல்லத்தான் சொல்வார். வேண்டாம். வந்தவர்கள் "ஏன்மா முடி இப்படி?" என்று கேட்டால், அம்மாவுக்காக வேண்டிக்கொண்டது என்று அவளே சொல்லட்டும். அந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளிக்கிற குடும்பமா, தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு "அம்மா இப்போ எப்படி இருக்காங்க?" என்று விசாரிக்கிற குடும்பமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.