தாய்மாரின் எலும்பு நலம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இரயில்வே அலுவலகத்திற் பணிபுரியும் நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். எனினும், நம் காலனியில் முதிய தாய்மார் பலர் இருத்தலின், அறிந்த சிலவற்றைச் சொல்ல விழைகின்றோம்.

"குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது" என்று பழியை ஈரத்தரையின்மீது போடுகின்றோம். அதே தரையில் விழுந்த பேரன் எழுந்து ஓடுகின்றான். நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு முறியுமாயின், அது முன்னரே வலுக்குன்றியிருத்தல் வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகின்றது. பழைய எலும்பு கரையும் வேகத்திற்குப் புதிய எலும்பு உருவாவதில்லை.

எலும்பின் அடர்த்தியை 'டெக்ஸா' என்னும் எக்ஸ்-கதிர்ச் சோதனையால் அளக்கின்றனர். இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு 'டி' எண் ஒன்று தருவர். அது -2.5 அல்லது அதற்கும் கீழாயின் எலும்புப்புரை நோய் என 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது.

நிற்க. அடர்த்தி ஒன்றே வலிமையன்று. தண்டவாளத்தை மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ என எடையால் வகுக்கின்றோம். எடை சரியாயிருந்தும் உள்ளே விரிசல் இருக்கலாம். அதனாலன்றோ மீயொலிக் கருவி கொண்டு சோதிக்கின்றனர்! எலும்பும் அத்தகையதே. உள்ளிருக்கும் நுண்ணிய வலைப்பின்னல் சிதைந்திருப்பின், எண் -2.5 வரை இறங்காதவர்க்கும் எலும்பு முறிகின்றது. முதுகெலும்பின் டெக்ஸா படத்திலிருந்தே அவ்வலையின் நிலையை மதிப்பிடும் முறையும் இன்று உண்டு.

ஆதலின் மருத்துவர் வேறு சில வினாக்களும் எழுப்புவர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட 'ஃபிராக்ஸ்' என்னும் கணிப்புமுறை, அடுத்த 10 ஆண்டுகளில் எலும்பு முறியும் வாய்ப்பை விழுக்காட்டிற் கூறும். வயது, எடை, உயரம் யாவை? முன்பு எலும்பு முறிந்ததுண்டா? பெற்றோர்க்கு இடுப்பெலும்பு முறிந்ததுண்டா? ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டதுண்டா? முடக்குவாதம் உண்டா? புகை, மதுப் பழக்கம் உண்டா? டெக்ஸா இல்லாத ஊரிலும் இவற்றைக் கொண்டு கணிக்கலாம்.

இவற்றிற்கு விடை நம் வீட்டிலேயே உளது. தாய்மார்தாம் வாய் திறப்பதில்லை. மகன் வேலைக்கு இடையூறு நேருமே, பேரப்பிள்ளைகளுக்குச் சமைக்க ஆளில்லையே என்று வலியை விழுங்கிக்கொள்கின்றனர். மணிக்கட்டு முறிந்தால் கட்டுப் போட்டதோடு நாமும் மறந்துவிடுகின்றோம். அம்முறிவு, பின்னே வரக்கூடிய இடுப்பு முறிவுக்கு முன்கூட்டி இறங்கிய கைகாட்டியாகும். உயரம் குறைந்து கூன் விழுந்தால் மூப்பென்கின்றோம். முதுகெலும்பு ஓசையின்றி நொறுங்கியிருக்கவும் கூடும்.

அன்பர்களே! பொங்கல்தோறும் குழந்தையின் உயரத்தைக் கதவுநிலையிற் குறிக்கும்போது, பாட்டியின் உயரத்தையும் குறியுங்கள். 65 வயது கடந்தவரையும், சிறு வீழ்ச்சியில் எலும்பு முறிந்தவரையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எலும்புச் சோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். முறிவைக் குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. ஊரையும் உறவையும் விட்டு நமக்காக இங்கு வந்தவர்கள் அவர்கள். படுக்கையில் வீழ்ந்தபின் பணிவிடை செய்வதினும், வீழாமற் காத்தல் நன்று.