தோற்றால் செலவைத் தருவது யார்?

சக்குபள்ளம், அணக்கரை, குமுளி வட்டாரத்தில் ஏலத்தோட்டம் இடுக்கியில் இருக்கும், உடையவர் வீடு கம்பத்திலோ போடியிலோ இருக்கும், பிள்ளைகள் வளைகுடாவில் வேலை பார்ப்பார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் எல்லைத் தகராறோ பாகத் தகராறோ கோர்ட்டுக்கு வந்தால், எதிர்த்தரப்பு கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: “வாதி தோற்றால் என் செலவை யார் தருவது? முதலில் அதற்குப் பிணை கொடுக்கச் சொல்லுங்கள்.” 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆம் கட்டளை இதற்கு வழி வைத்திருக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நில வழக்கில் இதற்கு எளிதில் ‘ஆம்’ சொல்லிவிட்டால், நிலத்தைப் பறிகொடுத்தவனையே வாசலில் நிறுத்திவிடுவோம் என்பது என் கருத்து.

விதி சொல்வது இதுதான். வழக்கின் எந்தக் கட்டத்திலும், காரணத்தை எழுதிப் பதிவு செய்து, பிரதிவாதியின் செலவுக்குப் பிணை கொடுக்கும்படி வாதிக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். வாதிகள் அனைவருமே இந்தியாவுக்கு வெளியே வசித்து, வழக்கில் உள்ள சொத்தைத் தவிர இங்கே போதிய அசையாச் சொத்து இல்லாதவர்களாக இருந்தால் மட்டும், உத்தரவிட்டே ஆக வேண்டும். கம்பத்தில் குடியிருப்பவர் கேரளக் கோர்ட்டுக்கு வெளியூர்க்காரர்தான், வெளிநாட்டுக்காரர் அல்ல. இந்தக் கட்டாயம் அவரைத் தொடாது. 1908-இல் விதியை எழுதியபோது ‘இந்தியா’ என்ற இடத்தில் இருந்த சொல் ‘பிரிட்டிஷ் இந்தியா’. சக்குபள்ளம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம், கம்பம் சென்னை மாகாணம். மலையிலிருந்து இறங்கி மதுரை ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டவர், சட்டத்தின் கண்ணில் வெளியே வசிப்பவர். அப்படியானால் விதியின் அக்கறை ஆளைப் பற்றியதல்ல, பணத்தைப் பற்றியதுமல்ல. செலவை வசூலிக்கக் கோர்ட்டின் கை அவரிடம் எட்டுமா என்பதே அதன் கவலை. பழைய விதியில் பண வழக்குப் போடும் பெண்ணுக்கு இங்கே போதிய அசையாச் சொத்து இல்லையென்றால் அவளிடமும் பிணை கேட்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. நல்ல வேளை, பின்னர் அதை நீக்கிவிட்டார்கள். ஏழ்மையைப் பார்த்துப் பிணை கேட்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தப் பிரிவே சாட்சி.

“வெறும் தொந்தரவுக்காக வழக்குப் போட்டு, நிலத்தை விற்கவிடாமல் பத்து வருஷம் இழுப்பவனை என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். டெல்லியில் இதே கேள்வி எழுந்தது. வீட்டுமனையில் கட்டடம் கட்டித் தருவதாக வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது என்று சொல்லி ஒருவர் வழக்குப் போட்டார். தோற்றால் 25 லட்சம் ரூபாய் கொடுப்பதாக உறுதிமொழி எழுதித் தரும்படி உயர் நீதிமன்றம் அவருக்கு உத்தரவிட்டது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கு பலவீனமாகத் தெரிகிறது என்பதற்காக, விசாரணைக்கு முன்பே சட்டத்தில் இல்லாத நிபந்தனையைச் சுமத்த முடியாது. அதே சமயம், வழக்கு நடக்கும்போதே சொத்தைக் கைமாற்ற சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின் கீழ் கோர்ட்டின் அனுமதி கேட்கும் வழி பிரதிவாதிக்கு உண்டு. உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பொய் வழக்குக்காக சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஏ பிரிவின்படி கொடுக்க வைக்கும் ஈட்டுத்தொகையின் உச்ச வரம்பு 3,000 ரூபாய். 1976 திருத்தம் வைத்த தொகை அது. முடிவில் செலவை ஒழுங்காக வசூலிக்காத சட்டம், ஆரம்பத்தில் பிணையைக் கேட்டு ஈடுகட்டிக்கொள்ளப் பார்ப்பது முறையல்ல. அந்த 3,000-த்தைத்தான் உயர்த்த வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் விஷயத்தில் பிரதிவாதியின் பயத்தில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சட்டத்தின் கட்டாயம் இன்றைய நிலைமைக்குப் பொருந்துவதாக இல்லை. இந்தியக் கோர்ட் தீர்ப்பை அமீரகத்தில் நிறைவேற்ற 1999-இலேயே இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன; கை எட்டாது என்ற காரணம் அங்கே பாதி போய்விட்டது. அதைவிடக் கொடுமை, ‘வழக்கில் உள்ள சொத்தைத் தவிர’ என்ற வாசகம். அபகரிக்கப்பட்ட ஒரே ஏக்கர் ஏலக்காடுதான் ஒருவருக்கு உள்ள சொத்து என்றால், அது கணக்கிலேயே வராது. தொகையை நிர்ணயிப்பது நீதிபதியின் கையில் இருப்பதால், அதைக் குறைவாக வைத்துக் கட்டம் கட்டமாகக் கேட்பதே இப்போதைக்கு நியாயம்.

வழக்குப் போடும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உடன்பிறந்தவர்களில் ஒருவராவது இங்கே வசித்து வாதியாகச் சேர்ந்திருந்தால் அந்தக் கட்டாயம் பொருந்தாது. நீதிபதி விரும்பினால் மட்டுமே பிணை. பவர் வாங்கியவர் ஊரில் இருப்பதை நம்பாதீர்கள், வாதி பவர் கொடுத்தவர்தான். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தாலுக்கா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடி மக்களுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. பிணை கட்டத் தவறி வழக்குத் தள்ளுபடியாகிவிட்டால், தகுந்த காரணம் காட்டி மீட்கக் கேட்கலாம். அதற்குக் கெடு, தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள்.